மலர் அன்ரி சாகடித்த ஆக்கள்

நோர்வேயில் கறுப்புச்சாவு வந்து பாதிச் சனம் செத்துப்போனது என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். அதற்கு எலியும் தெள்ளும் கப்பலும் தேவைப்பட்டன. ஒஸ்லோ அம்மருட்டில் எங்கள் மாடிக் கட்டிடத்தில் எங்கள் கதவுக்கு எதிர்க் கதவில் இருக்கும் மரியமலர் லோறன்ஸுக்கு ஒரு கொம்பியூட்டர் மௌஸ் போதும். காலைக் கோப்பி ஆறுவதற்குள் அவ ஒரு கிராமத்தையே சாகடிப்பா. பின்னேரம் வீட்டுக்கு வெளிக்கிட முதல் அதில் அரைவாசிப் பேரை எழுப்பியும் விடுவா. யேசுநாதர் ஒரேயொரு லாசரை எழுப்பினதை இரண்டாயிரம் வருசமாகப் பூசையில் வாசிக்கிறார்கள். மலர் அன்ரிக்குக் கந்தோரில் ஒரு நல்ல கதிரைகூட இல்லை.

தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு "எம் மத்தியில் வாழும் ஒருவர்" பற்றி எழுதச் சொன்னார்கள். டொக்டர்மாரையும் எஞ்சினியர்மாரையும் மற்றப் பிள்ளைகள் முதலே பிடித்துவிட்டார்கள். படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு மிஞ்சினது கொலைகாரி.

அன்ரி மன்னார், பேசாலை. எண்பதுகளின் கடைசியில் வந்து முதலில் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் நின்றவ. "கொஞ்ச மாதம் இருட்டு, கொஞ்ச மாதம் வெளிச்சம், வருசம் முழுக்க மீன் செதில்" என்று அந்தக் காலத்தை ஒரு வரியில் முடித்துவிடுவா. பிறகு ஒஸ்லோவில் துப்புரவு வேலை, பிறகு முதியோர் இல்லம், கடைசியாக ஒரு விக்கார்பிரோ. அதாவது முதியோர் இல்லத்துக்கும் சமையல்கூடத்துக்கும் சலவைக்கும் ஆள் அனுப்புகிற கந்தோர். அவவின் கணவர் லோறன்ஸ் அங்கிள் பஸ் ஓட்டுகிறார். வீட்டில் அவர் கதைக்கிறது குறைவு. அன்ரி கதைக்க விடுகிறது அதைவிடக் குறைவு.

கந்தோரில் அவவின் வேலை, வேலை தேடி எழுதுகிறவர்களுக்கு மெயிலில் பதில் போடுவது. மற்றவர்கள் இரண்டு வரியில் போடுவார்கள். அன்ரி கதைப்பா. முதுகு சுகமோ, காலமை பிள்ளையை ஆர் பாக்கிறது, வயசுபோன ஆம்பிளையைக் குளிக்க வாக்கிறதுக்குக் கூச்சம் இருக்கோ, இருந்தால் வெக்கப்படாமல் சொல்லு, வேறை இடம் பாப்பம். இப்படி ஒவ்வொன்றாக. எங்கள் ஆக்கள் முதல் மெயிலில் உண்மை சொல்ல மாட்டார்கள். "எல்லா வேலையும் தெரியும், எந்த நேரமும் வருவேன்" என்றுதான் எழுதுவார்கள். உண்மை ஐந்தாம் ஆறாம் மெயிலில் மெல்ல எட்டிப் பார்க்கும். அது வரும்வரை அன்ரி ஆளை எங்கேயும் அனுப்ப மாட்டா.

2008 இலையுதிர் காலத்தில் அந்தக் கந்தோருக்குச் சில்யே வந்தாள்.

சில்யே ஒரு ஆள் இல்லை. கந்தோர் வாங்கின ஒரு புரோகிராம். பதிவில் உள்ள எல்லாருக்கும் கிழமைக்கொருக்கால் அது தானாக மெயில் அனுப்பும். "புதிய வேலைநாளுக்குத் தயாரா? உங்களைப் பற்றி எங்களுக்குச் சொல்லுங்கள்!" என்று எழுதி, கீழே "சில்யே, ஆள்சேர்ப்புப் பிரிவு" என்று போட்டு, பக்கத்தில் ஒரு பொன்முடிக்காரி பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். பதில் போட்டால் அதற்கும் ஒரு பதில் வரும். ஒருவரும் வாசிக்கிறதில்லை.

நோர்வே ஆக்கள் அதைப் பார்த்தவுடன் அழித்துவிடுவார்கள். எங்கள் ஆக்கள் அழிப்பார்களா? மரியமலர் என்ற பேரில் வருகிற மெயில் எங்கடை அக்கா எழுதினது. சில்யே என்ற பேரில் வருகிற மெயில் கந்தோர் எழுதினது. அக்காவோடு நாலு மெயிலாகக் கதைத்துக்கொண்டிருந்தவர்களும் சில்யேயைக் கண்டவுடன் அக்காவை அப்படியே விட்டுவிட்டு, அகராதியும் கையுமாக இருந்து, மேலிடத்துக்குப் பதில் எழுதினார்கள். பதில் போடாவிட்டால் மரியாதைக் குறைவு. இரண்டு பேரோடும் கதைத்தால் மேலிடம் கோவிக்கும். அன்ரி எழுதி எழுதிப் பார்த்தா, அது மெசின், அதுக்குப் பதில் போடாதேங்கோ என்று. "மலரக்காவுக்கு எரிச்சல்" என்று கதை அடிபட்டது.

எனக்கு அப்போது சில்யே ஒரு விளையாட்டுச் சாமான். ஒரு நாள் அன்ரி வீட்டுக் கொம்பியூட்டரைத் திருத்தப் போன இடத்தில் அவளுக்கு ஒரு விண்ணப்பம் போட்டேன். "எனக்கு ஆயிரத்து இருநூறு வயது. தொழில் கடற்கொள்ளை. அனுபவம்: இங்கிலாந்தில் மூன்று மடங்களை எரித்தது. சொந்தமாகக் கோடரி உண்டு." உடனே பதில் வந்தது. "அருமை! உங்களைப் போன்றவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்!"

நான் சிரித்துச் சிரித்துக் கதிரையால் விழப்போனேன். அன்ரி எட்டிப் பார்த்தா. சிரிக்கவில்லை.

"துஷ்யா, உதை மூடு."

"அன்ரி, பகிடிக்கு."

"உனக்குப் பகிடி. போன மாதம் ஒருத்தர் என்னோடை எழுதிக்கொண்டிருந்தவர். கிளிநொச்சி. எல்லா வேலையும் செய்வன் எண்டவர். நான் விடேல்லை, துருவித் துருவிக் கேட்டனான். ஆறாவது மெயிலோடை நிப்பாட்டிப்போட்டார். சரி, சொல்ல ஒண்டும் இல்லையாக்கும் எண்டு சலவைக்கு அனுப்பிவிட்டன். ஈரத்துணி தூக்கிற வேலை. ரெண்டாம் கிழமை விழுந்தார். இப்ப எழும்பேலாது."

"ஏன்?"

"முள்ளந்தண்டிலை ஷெல் சன்னம். ஆசுப்பத்திரியிலை போய், ஏன் தம்பி எனக்குச் சொல்லேல்லை எண்டு கேட்டன். 'சொன்னனான் அக்கா, சில்யே மேடத்துக்கு விவரமா எழுதினனான், அவ அருமை எண்டு பதில் போட்டவ' எண்டார்."

நான் கொம்பியூட்டரை மூடினேன்.

அதற்குப் பிறகு அன்ரி கந்தோரில் சண்டை பிடித்து, ஷெஃப் என்கிற மேலாளரைக் கொண்டு சில்யேயின் மெயில் பெட்டியைத் திறப்பித்துப் பார்த்தா. நிறைய நிறையத் திறக்காத மெயில்கள். தமிழில், சோமாலியில், உருதுவில், உடைந்த நோர்வேஜியனில். சிலர் பிள்ளைகளின் படம் இணைத்திருந்தார்களாம். ஒரு மனுசி தன் வீட்டில் நடக்கிற அடியைப் பற்றி எழுதியிருந்தாவாம், வேலை கிடைத்தால் வெளியே போய்விடலாம் என்று.

"பார் மரியா, பதில் போடுற ஆக்கள் மூண்டு மடங்காயிட்டினம்!" என்று ஷெஃப் சந்தோசப்பட்டானாம்.

"ஒருத்தரும் வாசிக்கேல்லையே."

"அவையின்ரை ஆர்வத்தை அளக்கத்தானே இது."

"அப்ப என்னோடை கதைச்சுக்கொண்டிருக்கிற ஆக்களுக்கு மட்டும் இதை அனுப்பாமல் விடுங்கோ. கதை நடக்கேக்கை குறுக்கை விழுகுது."

"அதை அந்தக் கொம்பனியைத்தான் கேக்க வேணும்."

புரோகிராம் விற்ற கொம்பனிக்காரன் போனில் நல்ல மரியாதையாகக் கதைத்தானாம். கதை நடந்துகொண்டிருக்கிற ஆளுக்கு என்று ஒரு குறி அதில் இல்லை. "வேலை கிடைத்தவர்" என்று குறித்தால் வரவேற்பு மெயில் போகும். "இடம் மாறியவர்" என்றால் புது விலாசம் கேட்டு மெயில் போகும். "விருப்பமில்லாதவர்" என்றால் ஏன் விருப்பமில்லை என்று கேட்டு இரண்டு மெயில் போகும்.

"ஒண்டுமே போகாமல் இருக்க என்ன செய்யலாம்?"

"'இறந்தவர்' எண்டு ஒரு பெட்டி இருக்கு. செத்தவைக்கு ஒண்டும் போகாது," என்றானாம் பெருமையாக. "துக்க வீட்டுக்கு விளம்பரம் போனால் வடிவில்லைத்தானே. அதை நல்லா யோசிச்சுத்தான் செய்தனாங்கள்."

இப்படித்தான் மலர் அன்ரி கொலை செய்யத் தொடங்கினா. ஒருவரோடு கதை தொடங்கினால் முதல் வேலை அவரைச் சாகடிப்பது. வேலை கிடைத்து ஒப்பந்தம் கையெழுத்தானால் எழுப்பிவிடுவது. ஒவ்வொரு முறையும் நெற்றியில் சிலுவை போட்டு, "பிழை பொறும் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுத்தான் மௌஸை அமத்துவா. கூட்டத்தில் ஒரு நாள் ஷெஃப் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இந்தக் குளிருக்குக் கனபேர் தவறிவிட்டார்கள் போலிருக்கிறது என்றானாம். "ஓம், தடிமன் காய்ச்சல் பொல்லாதது" என்றாவாம் அன்ரி.

அது வேலை செய்தது. சில்யே குறுக்கே விழவில்லை. ஆக்கள் உண்மையைச் சொல்லி முடித்தார்கள்.

தை மாதம் கொன்ஸ்ரன்ரைன் அங்கிள் எழுதினார்.

அவரும் மன்னார்ப் பக்கம். வெஸ்ட்லியில் ஒரு வீட்டில் ஒரு அறை எடுத்து இருந்தார். மனைவி அனஸ்ரேசியாவும் மகள் நிலூஜாவும் போர் நடக்கிற வன்னிக்குள். அவர்களை எடுப்பிக்க விண்ணப்பம் போடுவதென்றால் நிரந்தர வேலை ஒப்பந்தம் காட்ட வேண்டும். அவரிடம் இருந்ததெல்லாம் அங்கே இரண்டு மணித்தியாலம் இங்கே மூன்று மணித்தியாலம் என்று துண்டு துண்டாகத் துப்புரவு வேலை. அது செல்லாது.

முதல் மெயிலிலேயே ஒன்று கேட்டிருந்தார். "அக்கா, தயவுசெய்து போன் எடுக்க வேண்டாம். எழுதுங்கோ. இந்த லைன் அவவுக்கு." அனஸ்ரேசியா எங்கேயோ வரிசையில் நின்று எடுக்கிறவ. நாள் நேரம் கிடையாது. அந்த நிமிசம் இங்கே லைன் எங்கேஜ் என்றால் போன் அடுத்த ஆளின் கைக்குப் போய்விடும். அதனால் அவர் நோர்வே நம்பர் எது வந்தாலும் தூக்க மாட்டார். ஒரு சட்டைப் பையில் போன், மற்றதில் சார்ஜர். மெயில் பார்க்க நூலகத்துக்குப் போவார்.

அன்ரிக்கு அவருக்கென்றே செய்து வைத்தது போல ஒரு இடம் அகப்பட்டது. எல்லிங்ஸ்ருட்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையல்கூடம். முழுநேரம், நிரந்தரம். சமையல்கூடப் பொறுப்பாளர் புதன்கிழமை மத்தியானம் வரை வைத்திருப்பதாகச் சொன்னார். திங்கள் அன்ரி எழுதினா. அங்கிள் உடனே எழுதினார், தன்னிடம் சமையல் சேட்டிபிக்கற் இல்லை, பரவாயில்லையோ என்று. "தேவையில்லை தம்பி. பாஸ்போட்டில் உள்ள முழுப் பேரையும் எழுதி, ஓம் எண்டு மட்டும் போடும்" என்று அன்ரி பதில் போட்டா.

ஓம். ஒரு சொல். அதுதான் வேண்டியிருந்தது.

சில்யேயின் நாள் செவ்வாய். அன்ரி திங்கள் பின்னேரம் அவரைச் சாகடிக்கப் போனவ. பேரை எடுத்தா. மௌஸைப் பெட்டிக்கு மேலே கொண்டுபோனா.

"கை வரேல்லை பிள்ளை," என்று பிறகு எனக்குச் சொன்னா. "அண்டைக்குக் காலமைதான் செய்தியிலை அந்தப் பக்கம் ஷெல் விழுகுது எண்டவங்கள். அவன்ரை பேருக்குப் பக்கத்திலை அந்தச் சொல்லை எப்பிடிப் போடுறது? வீட்டிலை ஒருத்தற்றை பேரிலை எழுதினால் அது வீட்டையே சுத்தி வரும். மற்ற எல்லாரையும் கொண்டனான். இவனை விட்டிட்டன். ஒரு நாள்தானே எண்டு நினைச்சன்."

செவ்வாய் பதில் இல்லை. புதன் காலமை இல்லை. மத்தியானம் போய்விட்டது. அன்ரி கெஞ்சி இன்னும் கொஞ்ச நேரம் வாங்கினா. அதுவும் போனது. இடம் வேறு ஆளுக்குப் போனது. வேலை முடிந்தவுடன் அன்ரி வீட்டுக்கு வரவில்லை. ஐந்தாம் இலக்க ரயிலில் கடைசித் தரிப்பு வரை போய், வெஸ்ட்லியில் அவரின் கதவைத் தட்டினா.

"அக்கா! வாங்கோ வாங்கோ. நீங்களே வந்திட்டியள்!" அவருக்கு முகமெல்லாம் வெளிச்சமாம். "பெரியவ எழுதினவ அக்கா."

"ஆர் பெரியவ?"

"சில்யே மேடம். என்னைப் பற்றி எல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதியிருந்தவ. ரெண்டு நாளா நூலகத்திலை இருந்து எழுதி முடிச்சிட்டன். கலியாணப் படமும் போட்டு அனுப்பினனான். உங்களை விட்டிட்டன் எண்டு குறை நினையாதேங்கோ. மேலிடம் கேட்டால் மேலிடத்துக்குத்தானே முதல் சொல்ல வேணும்."

"நான் போட்டதைப் பாத்தனீரோ?"

"பாத்தனான் அக்கா. ஓம் எண்டு போடத்தான் இருந்தன். அதுக்கிடையிலை அவவின்ரை மெயில் வந்திட்டுது. அவவுக்குத் தெரியாமல் உங்களுக்கு ஓம் போட்டால் பிழையாப் போயிடுமோ எண்டு..."

அன்ரி கட்டிலில் இருந்துவிட்டா. அந்த அறையில் வேறு கதிரை இல்லை.

"தம்பி, சில்யே எண்டு ஒருத்தி இல்லை. அது மெசின்."

"என்ன அக்கா பேய்க்கதை. அந்தப் பிள்ளை படத்திலை சிரிச்சுக்கொண்டு நிக்குது. மெசின் சிரிக்குமோ?"

"மெசின்தான் எப்பவும் சிரிக்கும். வேலை போயிட்டுது தம்பி. இண்டைக்கு மத்தியானத்தோடை முடிவு. வேறை ஆளுக்குக் குடுத்திட்டினம்."

அவர் மேசையில் கிடந்த போனுக்கு மேலே கையை வைத்தாராம். அன்ரிக்கு அழுகை வந்து, சத்தம் கூடி, எல்லாவற்றையும் கொட்டினா. தான் ஆக்களைச் சாகடிக்கிறதை, அப்படிச் செய்தால்தான் சில்யே கிட்ட வரமாட்டாள் என்பதை, எல்லாரையும் கொன்றதை, அவரை மட்டும் விட்டதை.

"மெல்லக் கதையுங்கோ அக்கா," என்றார் அவர். "மணி அடிச்சால் கேக்காது."

அன்ரி வாயைப் பொத்தினா. கொஞ்ச நேரம் இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அது அடிக்கவில்லை.

பிறகு அவர் கேட்டாராம். "என்னை மட்டும் ஏன் அக்கா சாகடிக்கேல்லை?"

அன்ரி எழும்பிச் சப்பாத்தைப் போட்டா.

அந்த மாசியோடு அனஸ்ரேசியாவின் போன் வருகிறது நின்றுவிட்டது. சித்திரையில் போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் எல்லாரும் நோர்வே நாடாளுமன்றத்துக்கு முன்னால் குளிருக்குள் நின்றோம். கொன்ஸ்ரன்ரைன் அங்கிள் ஒரு ஓரமாக நிற்பார், கத்த மாட்டார், கையில் போன். அன்ரி தேத்தண்ணிப் போத்தலோடு கிட்டப் போனால் வாங்கிக் குடிப்பார். வேலைக் கதையை எடுத்தால், "பாப்பம் அக்கா, சில்யே ஏதும் எழுதுவா" என்பார். மெசின் என்று அன்ரி சொன்னதை அவர் நம்பவில்லையா, நம்ப விரும்பவில்லையா தெரியாது. ஒவ்வொரு செவ்வாயும் யாரோ ஒருவர் அவரைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அதுவும் தவறாமல் கேட்டார். அந்த மாதங்களில் அவரை அப்படிக் கேட்டது வேறு ஒருவரும் இல்லை.

ஆனியில் செய்தி வந்தது. நிலூஜா செட்டிகுளம் முகாமில், சின்னம்மாவோடு. அனஸ்ரேசியா இல்லை. சித்திரையிலேயே, கடற்கரை மணலில். நாங்கள் நாடாளுமன்றத்துக்கு முன்னால் நின்ற நாட்களில் ஒன்று.

தையில் அந்த வேலை கிடைத்திருந்தாலும் விசா வர ஒரு வருசம் எடுத்திருக்கும், அதற்குள் ஒன்றும் நடந்திராது. அம்மா சொன்னா, லோறன்ஸ் அங்கிள் சொன்னார், சுவாமியாரும் சொன்னார். அன்ரி எல்லாருக்கும் "ஓம், ஓம்" என்றா. அந்த மாதம் அவ ஒருவரையும் சாகடிக்கவில்லை. கொம்பியூட்டருக்கு முன்னால் சும்மா இருந்தாவாம்.

ஒரு ஞாயிறு, பூசை முடிய, கொன்ஸ்ரன்ரைன் அங்கிள் ஒரு தாளோடு கிட்ட வந்தார். சில்யேக்கு எழுதியிருக்கிறார், என் மனைவி இறந்துவிட்டார், மகள் முகாமில் இருக்கிறாள் என்று. சில்யே போட்ட பதில் அந்தத் தாளில் இருந்தது. அன்ரி வாசித்தா.

"அருமை! உங்களைப் போன்றவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்!"

"அக்கா, நீங்கள் இஞ்சை கனகாலம் இருக்கிறனீங்கள்," என்று அவர் மெல்லக் கேட்டார். "நோர்வே ஆக்கள் துக்கத்துக்கு இப்பிடித்தான் சொல்லுறவையோ?"

அன்ரி அந்தத் தாளை மடித்தா. விரித்தா. திரும்ப மடித்தா.

"ஓம் தம்பி," என்றா. "இஞ்சை அப்பிடித்தான்."

ஆவணியில் இன்னொரு இடம் வந்தது. இதுவும் ஒரு முதியோர் இல்லத்துச் சமையல்கூடம், இதுவும் நிரந்தரம். இனி நிலூஜாவுக்காக. அதே ஒப்பந்தம், அதே விண்ணப்பம், பேர் ஒன்று குறைவு. அன்ரி முதல் வேலையாக அவரின் பேரை எடுத்து, "இறந்தவர்" பெட்டியில் குறி போட்டா. சிலுவை போடவில்லை. "இனி அந்தச் சொல்லு பலிக்கிறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?" என்றா என்னிடம். பிறகு அவருக்கு எழுதினா.

ஆனால் அவர் ஓம் போடவில்லை. செத்தவருக்குச் சில்யே எழுதமாட்டாள் அல்லவா. இரண்டு செவ்வாய் வெறுமையாகப் போனதும் அவர் பயந்துபோனார். "சில்யே மேடம் கோவிச்சிட்டா போலை. அவவுக்குச் சொல்லாமல் நான் வேறை பக்கத்தாலை வேலைக்குப் போறது சரியில்லை அக்கா. என்ரை துக்கத்தைக் கேட்ட மனுசி." அது மெசின் என்று இனி அன்ரியால் சொல்ல முடியாது. சொன்னால் அந்தத் தாள் என்ன ஆகும்? தன் வாயால் "இஞ்சை அப்பிடித்தான்" என்று சொன்னவ. சமையல்கூடத்தில் வெள்ளிக்கிழமை வரைதான் இடத்தை வைத்திருப்பார்கள். வியாழன் பின்னேரம் அன்ரி எங்கள் வீட்டுக் குசினியில் வந்திருந்து, அம்மாவுக்கும் எனக்கும் இதைச் சொல்லி, மேசையில் குத்தினா. "ரெண்டாந்தரமும் என்ரை கையாலைதான் போகப்போகுது."

இந்த இடத்தில் ஒரு அதிசயம் நடந்தது. வெள்ளி காலமை கொன்ஸ்ரன்ரைன் அங்கிளுக்குச் சில்யேயிடமிருந்து ஒரு மெயில் வந்ததாம். தான் இந்த வேலையை விட்டுப் போவதாகவும், மரியமலர்தான் தனக்கும் மேலே என்றும், அவவுக்குப் பதில் போடும்படியும் எழுதியிருந்ததாம். "உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் எழுதியது எல்லாவற்றையும் வாசித்தேன். முதல் போட்ட பதிலுக்கு மன்னியுங்கள்" என்றும் இருந்ததாம். செத்த ஆளுக்கு எப்படி மெயில் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். கொம்பியூட்டர்கள் பிழை விடுகிறவைதான். மெசினுக்கும் இடைக்கிடை மனச்சாட்சி வரக்கூடும்.

அவர் நூலகத்தில் இருந்தபடியே அன்ரிக்கு முழுப் பேரையும் எழுதி, ஓம் போட்டார்.

இப்போது அங்கே உருளைக்கிழங்கு அவிக்கிறார். நிலூஜாவின் விண்ணப்பம் போய்விட்டது, இன்னும் முடிவு இல்லை. பிள்ளையை முகாமிலிருந்து வெளியே விட்டுவிட்டார்கள், மன்னாரில் சின்னம்மா வீட்டில் இருக்கிறது. போனில் அப்பாவோடு கதைக்க மாட்டாதாம், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்குமாம். அவர் இன்றைக்கும் நோர்வே நம்பர் தூக்குவதில்லை. அன்ரியின் ஷெஃப் அடுத்த வருசமும் சில்யேயை வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டான். அன்ரி காலமை காலமை சாகடித்துக்கொண்டிருக்கிறா.

இதுவரை எழுதிக்கொண்டுபோய், பிழை பார்க்கச் சொல்லி அன்ரியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனையும் கையுமாகக் குசினி மேசையில் இருந்தா.

"எடி, லாசரை ஏன் இதுக்குள்ளை இழுத்தனீ? சுவாமியார் வாசிப்பார்."

"வெட்டிவிடுறன் அன்ரி."

"நான் கிராமத்தை எல்லாம் சாகடிக்கேல்லை. ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் அளவு வரும். மனுசரைக் கதைக்க விடுறேல்லை எண்டு எழுதியிருக்கிறாய். அது சரி." பக்கத்தைத் திருப்பினா. வெஸ்ட்லி வந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினா. கடைசிப் பக்கத்தில் பேனை நின்றது.

"அதிசயமோ?"

"அப்பிடித்தானே கேள்விப்பட்டன்."

"நீ அந்த மெயிலைப் பாத்தனியோ?"

"இல்லையே. எப்பிடி?"

"நான் பாத்தனான். பிறின்ற் எடுத்துச் செபப் புத்தகத்துக்குள்ளை வைச்சிருக்கிறான். இந்த நத்தாருக்கு அவளுக்கு வாழ்த்து அனுப்ப விலாசம் கேட்டான். நான் எங்கை போறது?" அன்ரி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தா. "துஷ்யா, இந்த நாட்டிலை மூண்டு வயசுப் பிள்ளை தொண்ணூறு வயசுக் கிழவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். மெசினும் அப்பிடித்தான், 'ஹெய் கொன்ஸ்ரன்ரைன்' எண்டு பாஞ்சுகொண்டு வரும். இந்தச் சில்யே 'ஹெய்' எண்டு போட்டிட்டு அங்காலை பேரில்லாமல் விட்டிருக்கிறாள். கீழை முழுக்க வாசிச்சன், ஒரு இடத்திலையும் அவன்ரை பேர் இல்லை."

"மறந்திருப்பாள்."

"மறக்கேல்லை. கை வரேல்லை."

நான் தாளை இழுத்தேன். அன்ரி விடவில்லை.

"ஒரு அங்கிளைப் பேர் சொல்லி எழுதக் கூச்சப்படுற வெள்ளைக்காரப் பிள்ளை," என்றா. "நோர்வேயிலை அப்பிடி ஒருத்தி ஆரடி?"